உள்ளத்தின் பிணியும் அதன் பரிகாரமும்



நாம் வியாபாரிகள். இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணி நாள்வழியில் எழுதாமல் வீடு திரும்புவதில்லை. வருஷ முடிவில் சரக்கிருப்பு எடுத்து ஐந்தொகை போடாமல் விடுவதில்லை. சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று வைத்தியரிடம் போய்ப் பார்த்துக்கொள்ளும் நல்ல வழக்கமும் நம்மிடையே வந்துவிட்டது. ஆனால் உள்ளத்தின் நிலை என்னவென்று விசாரிப்பவர் எத்தனை பேர்? "எனக்கு மனம் சரியில்லை" என்று வாய் திறந்து சொல்பவர்தாம் எத்தனை பேர்? சொன்னால் கடைத்தெருவில் பெயர் கெடும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது, சரக்குக் கடன் கொடுத்தவர் மறுநாளே வந்து நிற்பார் என்ற அச்சத்தால் மூடி மறைக்கிறோம். மறைத்த நோய் ஆறுவதில்லை, வளர்கிறது.

ஆகவே இந்தப் பாடத்தில் ஐந்து விஷயங்களை வரிசையாகக் கவனிப்போம். மனநோய் என்பது யாது? நம் முன்னோர் அதைப்பற்றி என்ன சொன்னார்கள்? வஸ்வாஸ் என்னும் தொல்லை எத்தகையது? துஆவுக்கும் மருந்துக்கும் உள்ள உறவு என்ன? கடைசியாக, நாம் செய்ய வேண்டியது என்ன?

1. கவலை வேறு, நோய் வேறு

சரக்குத் தேங்கினால் கவலை வரும், விற்றுவிட்டால் போய்விடும். தாயாரின் மௌத்துச் செய்தி ஊரிலிருந்து வந்தால் துக்கம் வரும், நாளடைவில் தணியும். இவை மனித இயல்பு. இவற்றை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்.

ஆனால் இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடக்கிறது. அல்லது முன்பு விருப்பமாயிருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போகிறது. அத்துடன் தூக்கம் கெடுகிறது, பசி மாறுகிறது, உடல் அசந்துபோகிறது, கணக்கில் கவனம் நிற்பதில்லை. "நான் எல்லாருக்கும் பாரம்" என்று தம்மையே நொந்துகொள்வதும், மரணத்தைப் பற்றிய நினைவு அடிக்கடி வருவதும் உண்டு. இக்குறிகளில் பல ஒன்றுசேர்ந்து வேலையையும் குடும்பத்தையும் கெடுக்குமானால், அதற்கு மனச்சோர்வு நோய் என்று வைத்தியர்கள் பெயரிடுகிறார்கள்.

நம்மவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் உடல்நோயின் வேஷத்தில் வருகிறது. நெஞ்சை அடைக்கிறது, தலை பாரமாயிருக்கிறது, வயிறு மந்தமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக் கிளினிக்காக ஏறி இறங்குவார். ஈ.சி.ஜி. எடுத்தால் குற்றம் ஒன்றும் தெரியாது. முதலில் உடலைச் சோதிப்பது சரிதான். தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் இதே சோர்வு தோன்றும். ஆனால் உடலில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் உள்ளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் விடுவது முறையல்ல. கடையில் அந்த மனிதரைப் பாருங்கள்: பேரேடு எழுதாமல் கிடக்கிறது, கொள்முதலுக்குப் போக மனமில்லை, கையாள் மீது காரணமின்றி எரிந்து விழுகிறார், ஜமாஅத்துக்கு வருவது நின்றுவிட்டது. "சோம்பேறியாகிவிட்டார்" என்று உலகம் பேசுகிறது. நோய் என்று ஒருவரும் சொல்வதில்லை.

இது எங்கோ ஒருவருக்கு வருவதன்று. சிங்கப்பூரில் 2016ல் நடந்த மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளானவர் ஏழு பேரில் ஒருவர். மனச்சோர்வு மட்டும் பதினாறு பேரில் ஒருவரைப் பிடித்திருந்தது. நோயுற்றோரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் யாரிடமும் உதவி தேடவில்லை. மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் மனச்சோர்வுற்ற பெரியவர்கள் 2019ல் நூற்றுக்கு 2.3 பேர்; 2023ல் 4.6 பேர். நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு. இந்தக் கணக்கில் நம் கடைத்தெருவும் சேர்ந்ததே.

2. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிஞர்

மனோதத்துவம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் அபூ ஸைத் அல்பல்கீ அவர்களைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் சுமார் 850ல் பிறந்து 934ல் மறைந்தவர் இவர். தத்துவ அறிஞர் அல்கிந்தீயின் மாணாக்கர். பூகோள சாஸ்திரத்தில் இவர் பெயரால் ஒரு தனி மரபே உண்டு. "மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்" என்பது இவருடைய நூல். உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலன்கள் என்பது அதன் பொருள். உடலுக்குப் பதினான்கு அத்தியாயம், உள்ளத்துக்கு எட்டு அத்தியாயம். உடலை மட்டும் கவனித்து உள்ளத்தை மறந்துவிடும் வைத்தியர்களை அவர் அன்றே குறை கூறுகிறார். உடல் நோயுற்றால் உள்ளம் தளரும். உள்ளம் நொந்தால் உடல் கெடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

உள்ளத்தின் தொல்லைகளை அவர் நான்காக வகுக்கிறார்: கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ். உடல்நோய் ஒருவருக்கு நெடுங்காலம் வராமலே இருக்கலாம். உள்ளத்தின் தொல்லையோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்று அவர் உணர்த்துகிறார். எனவே வெட்கப்பட ஏதுமில்லை. அவசரத்துக்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் கலங்கும் வேளைக்கென்று நல்லெண்ணங்களை அமைதியான காலத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தரும் உபாயம். கையிருப்பு இல்லாமல் கடை நடத்த முடியாது என்பதை அறிந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்திருப்பது மிகக் கவனிக்கத்தக்கது. ஒன்று, பொருள் இழப்பு, பிரிவு, மரணம் போன்ற காரணம் தெரிந்த துக்கம். இதற்கு ஆறுதலும், எண்ணங்களைத் திருத்துவதும் பரிகாரம். மற்றது, காரணம் இன்னதென்று தெரியாமலே வந்து கவியும் துக்கம். இது உடலிலிருந்து எழுவது, இதற்கு உடலுக்கான மருந்தும் வேண்டும் என்கிறார். இரத்தம் கெடுவதே அதற்குக் காரணம் என்று அவர் கருதியது அக்காலத்து வைத்தியக் கொள்கை. இன்று அதை ஏற்பாரில்லை. மரபு, மூளையின் இயக்கம், வாழ்க்கை நெருக்கடி ஆகிய பலவும் சேர்ந்து நோயாகின்றன என்பதே இன்றைய விளக்கம். ஆயினும் சில துக்கத்துக்குப் பேச்சு போதும், சிலவற்றுக்கு மருந்தும் தேவை என்று அவர் கண்ட பாகுபாடு இன்றும் பயன்படுகிறது.

எண்ணத்தைத் திருத்தினால் உணர்ச்சி திருந்தும் என்னும் முறையை 1960களில் அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் ஆராய்ந்து வளர்த்தார். இன்று மனச்சோர்வுக்கும் அச்ச நோய்க்கும் உலகெங்கும் கையாளப்படும் பேச்சு வைத்தியங்களில் அது முதன்மையானது. பல்கீ அவர்களின் நூலில் அதற்கு நெருங்கிய கருத்துக்கள் இருப்பதை எடுத்துக் காட்டியவர் சூடான் நாட்டுப் பேராசிரியர் மாலிக் பத்ரீ (1932-2021). கோலாலம்பூரில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பல்கீயின் நூலில் உள்ளத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013ல் வெளிவரச் செய்தார். மேல்நாட்டு மனோதத்துவத்தைச் சோதியாமல் அப்படியே விழுங்க வேண்டாம் என்று 1979லேயே ஒரு நூல் எழுதி எச்சரித்தவரும் அவரே. ஆனால் பயனுள்ளதையும் சேர்த்துத் தள்ளிவிடும்படி அவர் சொல்லவில்லை. சரக்கைச் சோதித்து வாங்குவதுதானே வியாபாரியின் வழக்கம்!

3. வஸ்வாஸ் என்னும் தொல்லை

நம் வீடுகளில் இதைக் கண்டிருப்போம். ஒருவர் ஒளு செய்ய உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. கை நனைந்ததா, முழங்கை நனைந்ததா என்ற சந்தேகம். தக்பீர் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடியும் கட்டுவார். இன்னொருவர் கடைக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்து, தெருக்கோடிவரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கல்லாவை ஏழு முறை எண்ணுவார். தாம் விரும்பாத கெட்ட எண்ணம் ஒன்று தொழுகையில் வந்ததற்காக, ஈமான் போய்விட்டதோ என்று இரவெல்லாம் அழுபவரும் உண்டு.

முதலாமவரைப் பக்திமான் என்கிறோம்; இரண்டாமவரைச் சந்தேகப் பிராணி என்கிறோம். இருவருக்கும் இருப்பது பெரும்பாலும் ஒரே நோயாக இருக்கலாம். சிங்கப்பூர் ஆய்வில் இருபத்தெட்டுப் பேரில் ஒருவருக்கு இது வாழ்நாளில் வந்திருந்தது. சிகிச்சைக்கு வந்தவர்களோ நோய் தொடங்கிய பிறகு வைத்தியம் தேடச் சராசரியாகப் பதினோர் ஆண்டு கடத்தியிருந்தார்கள். பதினோர் ஆண்டு! அதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

இந்நோயின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் வருகிறது, அதனால் பதைப்பு உண்டாகிறது, பதைப்பைத் தணிக்க மறுபடியும் கழுவுகிறார். உடனே சற்று நிம்மதி. அந்த நிம்மதிதான் விஷம். "கழுவியதால் தப்பினேன்" என்று மனம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பதைப்பு இன்னும் வேகமாக வருகிறது. கொடுக்கக் கொடுக்கக் கேட்கும் கந்துவட்டிக்காரனைப் போன்றது அது.

பரிகாரம் என்ன? சந்தேகம் வரட்டும், ஆனால் மறுபடியும் கழுவாதே, மறுபடியும் எண்ணாதே என்பதே. 1966ல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் இவ்வழியைக் கையாண்டு நோயாளிகள் குணமடைந்ததை வெளியிட்டார். இன்று பழகிய ஆலோசகர் பக்கத்திலிருந்து, எளிதானதில் தொடங்கிப் படிப்படியாக இதைச் செய்விக்கிறார். பதைப்பு முதலில் ஏறும். காத்திருந்தால் தானே இறங்கும். பல நாள் பழகினால் நோய் தளர்கிறது. தேவையானவர்களுக்கு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நம் பிக்ஹுச் சட்டம் இதற்கு முரணா? இல்லவே இல்லை. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது இமாம்கள் ஒப்புக்கொண்ட அடிப்படை விதி. ஒளு செய்தது உறுதியாயிருக்க, முறிந்ததோ என்ற வெறும் சந்தேகத்தால் ஒளு முறியாது. வஸ்வாஸ் உள்ளவர் தம் சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட வேண்டும் என்றே உலமாக்கள் வழிகாட்டுகிறார்கள். ஆகவே வைத்தியர் சொல்வதும் ஆலிம் சொல்வதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இங்கே ஆலிம்சாக்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்நோயாளி ஒரே மஸ்அலாவைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். பத்தாம் முறையும் பதில் சொல்வது இரக்கம்போல் தோன்றும். உண்மையில் அதுவும் மறுபடியும் கழுவுவதைப் போன்றதே. "சொல்லியாகிவிட்டது, இனி வைத்தியர் சொன்னபடி செய்யுங்கள்" என்று அன்புடன் நிறுத்துவதே அவருக்குச் செய்யும் உதவி.

4. துஆவும் மருந்தும்

"ஈமான் உள்ளவனுக்கு மனநோய் வருமா?" என்று கேட்கிறார்கள். யஅகூப் (அலை) அவர்கள் நபி. மகன் யூசுப் (அலை) அவர்களைப் பிரிந்த துக்கத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. கதீஜா நாயகி (ரலி) அவர்களும் அபூதாலிப் அவர்களும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே சரித்திரம் அழைக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதிய துஆ ஒன்றில் கவலையும் துக்கமும் முதலில் வருகின்றன. கடன் பளுவும் அதே துஆவில் வருகிறது. கடனுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனவே துக்கம் வந்தவரைப் பார்த்து "உமக்கு ஈமான் குறைவு" என்று சொல்வது அறியாமை. அது புண்ணில் உப்பு வைப்பதாகும்.

துஆவும் வணக்கமும் நோய்க்கு உதவுமா? இதை மலேசியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிளந்தானில் அஸ்ஹர், வர்மா முதலிய வைத்தியர்கள், அச்ச நோயுற்ற 62 முஸ்லிம்களை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்து 1994ல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவாருக்கும் மருந்தும் ஆறுதல் ஆலோசனையும் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவாருக்கு மட்டும் கூடுதலாகக் குர்ஆன், ஹதீஸ் வழியிலான ஆலோசனையும் தொழுகையில் ஊக்கமும் அளிக்கப்பட்டன. மூன்று மாத முடிவில் இப்பிரிவார் மற்றவரைவிட விரைவாகத் தேறியிருந்தனர். ஆறு மாத முடிவில் இரு பிரிவாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவை உள்ளபடியே படிக்க வேண்டும். மார்க்க வழியிலான ஆலோசனை விரைவில் தேற உதவியது என்பது ஒரு பாதி. அது மருந்துடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டதே அல்லாமல், மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படவில்லை என்பது மறுபாதி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிபோதனையை நாம் கடைக்குப் பூட்டுப் போடும்போது மறப்பதில்லை. நோயில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

மறந்ததன் விலை என்ன என்பதற்கு ஏர்வாடி சாட்சி. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா நம்மில் பலருடைய சொந்த ஊர்களுக்கு அண்மையிலேயே இருக்கிறது. மனநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விடுவது நெடுங்கால வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன்பின் அக்காப்பகங்கள் மூடப்பட்டன; இந்திய உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. பிற்பாடு தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநோய் வைத்தியமும் கிடைக்கும்படி "தவா-துஆ" என்ற திட்டம் ஏற்பட்டது. தவா என்றால் மருந்து. துஆ கேட்பவர் கேட்கட்டும். மருந்தும் உண்ணட்டும் என்பதே அதன் கருத்து.

ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் காதில் குரல் கேட்கிறது, யாரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சும் ஒவ்வொருவரையும் ஜின் பிடித்தவர் என்று முடிவு கட்ட நமக்கு என்ன ஆதாரம்? அது மூளையைப் பற்றிய ஒரு கடுமையான நோயாக இருக்கலாம், மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது, காலதாமதம் செய்யச் செய்யக் குணமாவது கடினமாகும். குர்ஆன் ஓதிப் பார்ப்பதால் கெடுதல் இல்லை. அடிப்பதும், கட்டுவதும், பட்டினி போடுவதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் ஓதிப் பார்ப்பதில் சேர்ந்தவை அல்ல. அவை கொடுமை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284ல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. நம் முன்னோர் மருத்துவமனை கட்டினார்கள். நாம் சங்கிலி தேடுவது அழகா?

5. நாம் செய்ய வேண்டியது

ஆலோசனை என்பது புத்திமதி சொல்வது அன்று. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் காது கொடுத்துக் கேட்பார். சிக்கலைப் பிரித்துக் காட்டுவார். வாரம் ஒரு முறை வீதம் சில வாரங்கள் சந்தித்து, நோயாளி தாமே செய்யக்கூடிய காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்விப்பார். நாம் சொல்வது அவரிடம் அமானத்து. உயிருக்கு ஆபத்து போன்ற அவசியம் நேர்ந்தாலன்றி வெளியில் போகாது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவரே ஆலோசகராகத் தொழில் நடத்தலாம். ஆகவே பதிவு உண்டா என்று கேட்டுக்கொள்வது நம் உரிமை.

முதலாளிமார்களுக்கு ஒரு சொல். உங்கள் கடையில் வேலை செய்யும் இளைஞர், பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவந்து, கடைக்கு மேல் மாடியில் படுத்துறங்குபவர். அவர் சாப்பிடுவது குறைந்துவிட்டதா, இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாரா, ஊருக்குப் பேசுவதை நிறுத்திவிட்டாரா என்று கவனியுங்கள். தனியே அழைத்து, "தம்பி, மனசுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் பேச விடுங்கள். "தொழு, எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடாதீர்கள். தொழட்டும், வைத்தியரிடமும் அழைத்துப் போங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சந்தேகம் தோன்றினால் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே அவருக்குப் பெரிய ஆறுதல். அவரைத் தனியே விடாதீர்கள். தற்கொலை ஹராம் என்பது அவருக்கும் தெரியும். அந்த வேளையில் அவருக்கு வேண்டியது பத்வா அன்று, பக்கத்தில் ஒரு மனிதர். போலீஸ் வழக்காகிவிடும் என்ற பழைய அச்சமும் இனித் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தைச் சிங்கப்பூர் 2020 தொடக்கத்திலிருந்தும், மலேசியா 2023லும் நீக்கிவிட்டன. சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணிலும், மலேசியாவில் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். இவ்விரு எண்களையும் கடை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பாடத்தின் சாரம்

ஒன்று: மனநோயும் நோயே, அது பாவமும் அன்று, ஈமான் குறைவும் அன்று.

இரண்டு: இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூன்று: வஸ்வாஸுக்கு இடங்கொடுத்தால் வளரும், இடங்கொடாமல் பழகினால் தளரும்.

நான்கு: துஆவும் தவாவும் ஒன்றுக்கொன்று துணை. வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக்கூடாது.

ஐந்து: நோயாளியின் இரகசியம் அமானத்து. அதைக் கடைத்தெருவில் பேசுவது மோசடி.

கடையில் நஷ்டம் வந்த சகோதரருக்குக் கைமாற்றுக் கொடுத்துத் தூக்கிவிடும் நல்ல வழக்கம் நம்மவரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. மனம் ஒடிந்த சகோதரருக்கும் அதே கையை நீட்டுவோமாக. வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிபாவையும், பேணிக் காக்கும் குடும்பத்தாருக்கு ஸபுரையும், நம் அனைவருக்கும் உள்ளத்தின் அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.